பெயரும் ஊரும் பிழையில்லாமல்: காவலர் வீரவணக்க நாளுக்கான தயாரிப்பு

அக்டோபர் 21 காலையில் தமிழ்நாட்டின் மாவட்ட ஆயுதப்படை மைதானங்களில் காவலர் வீரவணக்க நாள் நடக்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற நிகழ்ச்சி. பணியில் உயிர்நீத்தவர்களின் பெயர்களை அதில் வாசிப்பார்கள். கவாத்து, பியூகிள் என்னும் ஊதுகொம்பு, துப்பாக்கி முழக்கம், மலர் வளையம் எல்லாமே அந்தப் பெயர்களுக்காகத்தான். ஆனால் தயாரிப்பு மிகக் குறைவாக நடப்பதும் அந்தப் பெயர்களுக்குத்தான். கவாத்துக்கு நாள்கணக்கில் ஒத்திகை உண்டு. பெயர்ப் பட்டியலை முதல்நாள் இரவு ஒருமுறை புரட்டிப் பார்ப்பதோடு சரி. அந்த வழக்கத்தை மாற்றச் சொல்லித்தான் இந்தப் பதிவு. ஆயுதப்படையில் நிகழ்ச்சிப் பொறுப்பை ஏற்பவர்கள், ஓய்வுபெற்ற காவலர் சங்கத்தார், சொந்த ஊரிலோ பள்ளியிலோ ஒரு காவலருக்கு நினைவுக்கல் வைக்க நினைப்பவர்கள் ஆகியோருக்குப் பயன்படும்.

நாள் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சித் தொகுப்புரையில் இதையே பலர் தப்பும் தவறுமாகச் சொல்கிறார்கள்.

1959 அக்டோபர் 20 அன்று லடாக்கின் வடகிழக்கில், சுமார் 16,000 அடி உயரத்தில் உள்ள ஹாட் ஸ்பிரிங்ஸிலிருந்து மூன்று வேவுக் குழுக்கள் கிளம்பின. லனாக் லா கணவாயை நோக்கிப் போகவிருந்த பயணத்துக்கு வழி பார்ப்பது அவர்கள் வேலை. இரண்டு குழுக்கள் பிற்பகலுக்குள் திரும்பிவிட்டன. இரண்டு காவலர்களும் ஒரு சுமைதூக்கியும் போன மூன்றாவது குழு திரும்பவில்லை. மறுநாள் கரம் சிங் என்ற அதிகாரியின் தலைமையில் ஏறக்குறைய இருபது பேர் தேடப் போனார்கள். அவர் குதிரையில் முன்னால் போக, மற்றவர்கள் மூன்று பிரிவாகப் பின்னால் நடந்தார்கள். நண்பகல் வாக்கில் ஒரு குன்றின் மேலிருந்து சீனப் படையினர் சுட்டார்கள், கையெறி குண்டுகளும் வீசினார்கள். ஒதுங்குவதற்கு மறைவே இல்லாத வெட்டவெளி அது. பத்துப் பேர் உயிரிழந்தார்கள், ஏழு பேர் காயத்தோடு பிடிபட்டார்கள். இறந்தவர்களின் உடல்கள் நவம்பர் 13 அன்றுதான் திரும்பக் கிடைத்தன. ஹாட் ஸ்பிரிங்ஸிலேயே முழுக் காவல்துறை மரியாதையோடு எரியூட்டினார்கள்.

அவர்கள் ராணுவத்தினர் அல்லர், போலீஸ்காரர்கள். திபெத்தை ஒட்டிய எல்லையில் அன்று நின்றது போலீஸ்தான். இந்தோ திபெத் எல்லைக் காவல் படையே 1962-இல்தான் உருவானது. 1960 ஜனவரியில் மாநிலக் காவல்துறைத் தலைவர்கள் கூடிய மாநாட்டில், அக்டோபர் 21-ஐ நாடு முழுவதும் நினைவு நாளாகக் கடைப்பிடிப்பது என்று முடிவானது. டெல்லி சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவிடம் 2018-இல் இதே நாளில் திறக்கப்பட்டது. 30 அடி உயரமும் 238 டன் எடையும் கொண்ட ஒற்றைக் கருங்கல் அதன் நடுவில் நிற்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு பணியில் உயிர்நீத்தவர்களின் பெயர்களை அங்குள்ள சுவரில் பொறித்திருக்கிறார்கள். திறந்தபோது 34,844 பெயர்கள். இப்போது 36,000-ஐத் தாண்டிவிட்டது.

இனி பட்டியல். செப்டம்பர் 1 முதல் மறு ஆகஸ்ட் 31 வரை உள்ள ஓராண்டில் நாடு முழுவதும் பணியில் உயிர்நீத்த காவலர்களின் கணக்கு இது. இந்தத் தேதிக்கணக்கு குடும்பத்தாருக்குத் தெரிந்திருக்காது. நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் ஆடு திருடர்களை விரட்டிப் போய்க் கீரனூர் அருகே கொல்லப்பட்டது 2021 நவம்பர் 21. அந்தத் தேதி 2022 அக்டோபர் பட்டியலுக்குள்தான் வரும். களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுடப்பட்டது 2020 ஜனவரி 8. அது அதே ஆண்டு அக்டோபருக்குள் வந்துவிடும். செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஒருவர் இறந்திருந்தால், குடும்பத்தை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டுப் பெயரை வாசிக்காமல் விடுகிற நிலை வந்துவிடும். அவர்களுக்கு அது இரண்டாவது அடி. அழைக்கும்போதே வீட்டில் உட்கார்ந்து விளக்க வேண்டும்: இந்த ஆண்டு மலர் வளையம் வைக்கலாம், பெயர் அடுத்த ஆண்டுப் பட்டியலில் வரும் என்று.

பெயர் எங்கே கெடுகிறது என்று பார்ப்போம். நம்மூரில் ஒருவர் மு. கருப்பசாமி, அப்பா பெயர் முத்தையா என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே போகிற படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்ப முன்னெழுத்தை விரிப்பார்கள். கருப்பசாமி முத்தையா ஆகும். பிறகு யாரோ ஒருவர் இடம் போதாமல் சுருக்கும்போது முத்தையா மட்டும் மிஞ்சும். உயிர்விட்டது மகன், பட்டியலில் இருப்பது அப்பா. அனுப்புகிற படிவத்திலேயே இவர் அழைக்கப்படும் பெயர் இது, மற்றது தந்தை பெயர் என்று தனி வரியில் எழுதிவிட்டால் இது நேராது.

அடுத்த கேடு ஆங்கில எழுத்து வழியாக வருகிறது. பட்டியல் ஆங்கிலத்தில் தயாராகி, திரும்பத் தமிழுக்கு மாறும்போது வள்ளியும் வல்லியும் ஒன்றாகிவிடும். ராமன் ரமன் ஆவார். ஏழுமலை எலுமலை ஆவார். பழனி பலனி ஆவார். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்திலிருந்து திரும்பப் பெயர்க்கவே கூடாது. பணிப்பதிவேட்டில் அவர் தமிழில் இட்ட கையெழுத்து இருக்கும், அதிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் வீட்டில் கேளுங்கள்.

பிற மாநிலப் பெயர்களுக்கு வேறு வழி. மணிப்பூர், சத்தீஸ்கர், காஷ்மீர், பஞ்சாப் பெயர்கள் நம் நாக்குக்குப் பழகியவை அல்ல. அந்தந்தப் பகுதிகளில் வேலை பார்த்த மத்திய ரிசர்வ் போலீஸ்காரர்கள் விடுப்பில் ஊருக்கு வந்திருப்பார்கள், ஓய்வுபெற்றவர்களும் எல்லா மாவட்டத்திலும் உண்டு. ஒருவரை ஒரு மணி நேரம் உட்காரவைத்து முழுப் பட்டியலையும் வாசிக்கச் சொல்லிச் செல்பேசியில் பதிந்துகொண்டால் போதும். வாசிக்கப்போகிற அதிகாரி அதை மூன்று நாள் கேட்க வேண்டும்.

வாசிக்கும் கணக்கு இது. பதவி, பெயர், படை அல்லது மாநிலம் மூன்றையும் தெளிவாகச் சொல்ல ஒரு பெயருக்கு நான்கு வினாடி ஆகும். 200 பெயர் என்றால் 800 வினாடி, அதாவது பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல். இந்தக் கணக்கைப் போடாமல் நிகழ்ச்சி நிரலில் ஐந்து நிமிடம் ஒதுக்கிவிட்டு, பாதியிலிருந்து மூச்சுவிடாமல் ஓட்டுவார்கள். நேரமில்லை என்றால் உரையைக் குறையுங்கள், பெயரைக் குறைக்காதீர்கள். தாளில் எழுத்து 18 புள்ளி அளவுக்குக் குறையக் கூடாது. பக்கத்துக்கு இருபது பெயர் போதும். ஒரு பெயர் இரண்டு பக்கத்தில் உடையக் கூடாது. எல்லாப் பக்கத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வளையக் கோப்பில் கோத்துவிடுங்கள். மைதானத்துக் காற்றில் தனித்தாள் பறக்கும். எல்லாப் பெயரையும் வாசிப்பதே சரி என்பது என் கருத்து. மாவட்ட அளவில் தமிழ்நாட்டுப் பெயர்களை மட்டும் வாசிப்பதாக முடிவு செய்தால், மற்ற மாநிலங்களில் இறந்தவர்கள் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையையாவது மாநிலவாரியாகச் சொல்ல வேண்டும்.

வாசிப்பு நீளும்போது அணிவகுப்பில் நிற்பவர்கள் மயங்கி விழுவது வழக்கம். காரணம் வெயில் மட்டும் அல்ல. முழங்காலைப் பூட்டி அசையாமல் நின்றால் கால் தசை வேலை செய்யாது, ரத்தம் காலில் தேங்கும், தலைக்கு ஏறாது. காலையில் சாப்பிடாமல் வந்திருந்தால் இன்னும் சீக்கிரம் விழுவார்கள். முழங்காலை மயிரிழை தளர்த்தி, எடையை முன்பாதத்தில் வைத்து, பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், வெளியே தெரியாது. முந்தின இரவே தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிடட்டும். ஒவ்வொரு பிளட்டூனுக்குப் பின்னாலும் இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும். விழுந்தவரை ஓடிவந்து தூக்கி நிறுத்தக் கூடாது. படுக்கவைத்தபடியே கால் உயரமாக இருக்கும்படி நகர்த்திக் கொண்டுபோக வேண்டும்.

துப்பாக்கியைத் தலைகீழாக்கும் கவாத்தை மத்தியப் படைகளில் சோக் சஸ்த்ர் என்பார்கள். குழல்முனை கீழே பூட்ஸின் நுனியில் தங்கும், கட்டையின் மேல் இரண்டு கையும் ஒன்றன்மேல் ஒன்று, தலை குனிந்திருக்கும். அன்றாடக் கவாத்தில் இது வருவதில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை செய்வதால்தான் சொதப்பும். எண்ணிக்கையோடு பிரித்துப் பிரித்துப் பழக்க வேண்டும். குழல்முனையைப் பூட்ஸ் நுனிக்குப் பதில் தரையில் வைத்துவிடுவது பொதுவான பிழை. மழை ஈரத்தில் மண் உள்ளே போய்விடும்.

அடுத்து பியூகிள். முதலில் லாஸ்ட் போஸ்ட், பிறகு இரண்டு நிமிட மௌனம், பிறகு ரௌஸ். முதலில் வருவது, நாள் முடிந்ததற்கான அழைப்பு; கடைசியில் வருவது விழித்தெழுவதற்கானது. பியூகிளில் பொத்தான் எதுவும் கிடையாது. எல்லாச் சுரமும் உதட்டின் இறுக்கத்தில்தான் பிறக்கும். அரை மணி நேரம் சும்மா நின்றுவிட்டு வாசித்தால் மேல் சுரம் உடையும். எனவே வாசிப்பவரை அணியில் நிறுத்தாமல் கட்டடத்தின் பின்பக்கம் நிறுத்தி, பத்து நிமிடம் முன்புவரை மெதுவாக ஊதிக்கொண்டிருக்க விடுங்கள். இருவர் இருந்தால் நல்லது. ஒலிபெருக்கியில் பதிவை ஓடவிடுவதை நான் விரும்புவதில்லை. வேறு வழியில்லை என்றால் அந்தச் செல்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் எல்லாம் கெட்டது.

மௌனம் இரண்டு நிமிடம் என்றால் 120 வினாடி. மனதுக்குள் எண்ணுகிறவர் எப்போதும் நாற்பது, ஐம்பது வினாடியில் முடித்துவிடுவார். ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுங்கள். வாக்கி டாக்கிகளின் ஒலியைக் குறைத்துவிட்டு, கட்டுப்பாட்டு அறைக்குப் பதில் சொல்ல ஒருவரை மட்டும் மைதானத்துக்கு வெளியே நிறுத்துங்கள்.

துப்பாக்கி முழக்கத்தைப் பற்றி நாளிதழ்களில் 30 குண்டுகள் முழங்க, 42 குண்டுகள் முழங்க, 63 குண்டுகள் முழங்க என்று வெவ்வேறு எண் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் இந்த வேறுபாடு என்று பலரும் கேட்கிறார்கள். சுடுவது எப்போதும் மூன்று சுற்று. எத்தனை பேர் நிற்கிறார்களோ அதை மூன்றால் பெருக்கினால் அந்த எண் வரும்: பத்துப் பேருக்கு 30, பதினான்கு பேருக்கு 42, இருபத்தொரு பேருக்கு 63. எண் பெரிதானால் மரியாதை பெரிது என்று இல்லை. குடியரசுத் தலைவருக்கான 21 முழக்கம் பீரங்கியில் சுடுவது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. என்னைக் கேட்டால் நன்றாகப் பழகிய பத்துப் பேர் போதும். ஆள் கூடக் கூட ஒரே சத்தமாக வருவது கடினம்.

பயன்படுத்துவது குண்டு இல்லாத, மருந்து மட்டும் உள்ள வெற்றுத் தோட்டா. பழைய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுப்பதால் பிரச்சினை இல்லை. எஸ்எல்ஆரிலும் இன்சாஸிலும் அப்படி அல்ல. அவை வெடிப்பின் வாயு அழுத்தத்தில் தானே அடுத்த தோட்டாவை ஏற்றுபவை. முன்னால் குண்டு இல்லாததால் குழலுக்குள் அழுத்தம் சேராது, தோட்டா ஏறாது. முதல் சுற்று ஒரே வெடியாகக் கேட்டுவிட்டு, இரண்டாவது சுற்று பொரி பொரிந்ததுபோல் சிதறுவதற்கு இதுதான் காரணம். வெற்றுத் தோட்டாவுக்கென்று குழல்முனையில் பொருத்தும் அடைப்பான் இருந்தால் பொருத்தலாம். ஆனால் அடைப்பான் இருக்கும்போது தவறிப்போய் ஓர் உண்மைத் தோட்டா ஏறினால் துப்பாக்கியே சிதறும். அடைப்பான் இல்லாமல் சுடுவதாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கையால் காக் செய்து அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். அதற்கான இடைவெளி விட்டுக் கட்டளை கொடுக்கப் பழகுங்கள்.

எதுவானாலும் தோட்டாவை வழங்குபவர் ஒவ்வொன்றின் நுனியையும் கண்ணால் பார்க்க வேண்டும். வெற்றுத் தோட்டாவின் வாய் பூவிதழ்போல் மடிந்திருக்கும். உண்மைத் தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. குறி தலைகளுக்கு மேலே வானத்தை நோக்கி இருக்கட்டும். முன்பக்கம் யாரும் நிற்க வேண்டாம், வெற்றுத் தோட்டாவின் சூட்டுவாயுவும் துகளும் அருகில் இருப்பவரைக் காயப்படுத்தும். ஒன்று வெடிக்காமல் போனால் துப்பாக்கியைத் தாழ்த்தாமல் மற்றவர்களோடு சேர்ந்தே அசைய வேண்டும். சரிபார்ப்பதெல்லாம் நிகழ்ச்சி முடிந்தபின். பத்துப் பேர் என்றால் முப்பது வெற்றுறையும் எண்ணிக்கையாகத் திரும்ப வர வேண்டும். குறைந்தால் வெடிக்காத ஒன்று குழலுக்குள்ளேயே இருக்கலாம்.

முழக்கத்துக்கு முன்னால் குடும்பத்தாரிடம் ஒருவர் போய், இப்போது வெடிச் சத்தம் மூன்று முறை கேட்கும் என்று சொல்ல வேண்டும். சுடப்பட்டோ குண்டு வெடித்தோ மகனை இழந்த தாய் அங்கே உட்கார்ந்திருக்கிறார். சின்னஞ்சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். இதை யாரும் நினைப்பதே இல்லை.

அக்டோபர் 20 வாக்கில்தான் வடகிழக்குப் பருவமழை நமக்கு இறங்கும். மறுநாள் இந்த நிகழ்ச்சி. மழைக்கான திட்டம் இல்லாமல் இதை நடத்தவே கூடாது. ஷாமியானாவின் துணி தொய்ந்து நீர் கட்டினால் யார் தலையிலாவது கொட்டும். தகரப் பந்தலாக இருந்தால் மழைச் சத்தத்தில் பெயர் கேட்காது. துணியையே நன்றாகச் சரிவாக இழுத்துக் கட்டுங்கள். தோட்டாக்கள் கடைசி நேரம் வரை உலர்ந்த பெட்டியில் இருக்கட்டும். ஒலிபெருக்கி இணைப்புகள் தரையில் கிடக்கக் கூடாது. நினைவுத் தூணின் படி பளபளப்புக் கருங்கல்லாக இருந்தால் ஈரத்தில் கண்ணாடிபோல் வழுக்கும். பூட்ஸில் லாடம் அடித்திருப்பவர் மலர் வளையத்தோடு விழுந்துவிடுவார். படியில் தேங்காய்நார் மிதியடி விரித்து நான்கு மூலையையும் ஒட்டிவிடுங்கள்.

மலர் வளையம் இரண்டரை அடி விட்டம் போதும். அதற்கு மேல் போனால் ஒருவரால் குனிந்து வைக்க முடியாது. மூங்கில் வளையத்தில் வாழை நாரால் கட்டியதுதான் நல்லது. தெர்மாகோல் லேசாக இருப்பதால் காற்றில் உருளும். சாமந்தி ஈரத்தைத் தாங்கும், ரோஜா முந்தின இரவே கட்டினால் காலையில் கருத்துவிடும். இரண்டு காவலர்கள் மெதுநடையில் வளையத்தை முன்னால் கொண்டுபோவார்கள். மெதுநடை நிமிடத்துக்கு எழுபது காலடி அளவு. பாண்டு இல்லாமல் பழகினால் அதுவே நூறு ஆகிவிடும். வைப்பவர் வளையத்தை வைத்து, ஓரடி பின்வாங்கி, சீருடையில் இருந்தால் வணக்கம் செலுத்த வேண்டும், மற்றவர்கள் கைகூப்பலாம். சிறப்பு விருந்தினர், அதிகாரிகள், சங்கத்தார், கடைசியில் குடும்பத்தார் என்ற வரிசைதான் பல இடங்களில் நடக்கிறது. அதற்குள் கூட்டம் கலைந்து, புகைப்படக்காரர்கள் போய், தூணடியில் வளையம் வைக்க இடமே இருக்காது. சிறப்பு விருந்தினருக்கு அடுத்தே குடும்பத்தாரைக் கூப்பிடுங்கள். எனக்குத் தெரிந்து இதற்குத் தடை சொல்லும் விதி எதுவும் இல்லை.

அவர்களை அழைப்பதற்கும் ஒரு முறை உண்டு. முந்தின இரவு செல்பேசியில் சொல்வது அழைப்பு ஆகாது. பத்து நாள் முன்பே, அவர் வேலை பார்த்த நிலையத்திலிருந்து, அவரோடு பழகிய ஒருவர் நேரில் போக வேண்டும். வண்டி அனுப்புங்கள். முதுகு சாயும் நாற்காலி, நிழல், பக்கத்திலேயே கழிப்பறை, காலைச் சாப்பாடு. மனைவியைப் பெயர் சொல்லி, அம்மா என்று மரியாதையோடு அறிமுகம் செய்யுங்கள்; இறந்த காவலரின் விதவை என்று ஒலிபெருக்கியில் சொல்லாதீர்கள். பலியானார் என்ற சொல் நாளிதழில் இருந்துவிட்டுப் போகட்டும், நம் தொகுப்புரையில் உயிர்நீத்தார், வீரமரணம் அடைந்தார் என்பதே இருக்கட்டும். வைக்கிற படத்தைப் பணிப்பதிவேட்டிலிருந்து பிரதி எடுக்காமல் வீட்டாரிடம் கேட்டு வாங்குங்கள். பதிவேட்டுப் படம் இருபது வயதில் எடுத்தது. பிள்ளைகளுக்கே அந்த முகம் தெரியாது.

தேசியக் கொடி பற்றி ஒன்று. உடல் மேல் கொடி போர்த்துவது அரசு, ராணுவ அல்லது மத்தியத் துணை ராணுவப் படை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் மட்டுமே. காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடி குழிக்குள்ளும் போகக் கூடாது, சிதையிலும் எரியக் கூடாது. எடுத்து மடிக்கும்போது காவியையும் பச்சையையும் வெள்ளைக்குக் கீழே மடித்து, பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு மடித்தால் அசோகச் சக்கரமும் காவி, பச்சைப் பட்டைகளின் ஒரு பகுதியும் மட்டும் வெளியே தெரியும். இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டும். கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது அரசு உத்தரவின்படி மட்டுமே. ஒரு படைப்பிரிவு தானாக முடிவு செய்ய முடியாது.

பெயர் பிழையின் விலை மைதானத்தோடு முடிவதில்லை. பணிப்பதிவேட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் ஒரு மாதிரி இருந்தால் குடும்ப ஓய்வூதியமே நின்றுபோகும். திருமணத்துக்குப் பிறகும் வாரிசு நியமனப் படிவத்தில் அம்மா பெயரே இருப்பது மிகச் சாதாரணம். பணியில் இருப்பவர்கள் இன்றே போய்ச் சரிபார்க்க வேண்டிய இரண்டு பக்கங்கள் அவை. தியாகி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சலுகை கேட்க முடியாது. காவல்துறையில் அப்படி அதிகாரபூர்வமான சொல் இல்லை என்று உள்துறை அமைச்சகமே 2017-இல் தெரிவித்துவிட்டது. எந்தப் பணியில், யார் உத்தரவில், எங்கே, எத்தனை மணிக்கு இருந்தார் என்பதற்கான பதிவுதான் பேசும். நிலையத்தின் பொது நாட்குறிப்பில் அவர் வெளியே போன பதிவு, ரோந்துப் புத்தகம், முதல் தகவல் அறிக்கை, பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று ஆகியவற்றின் நகல்களை முதல் வாரத்திலேயே எடுத்து ஒரு கோப்பாகக் குடும்பத்திடம் கொடுங்கள். கருணை அடிப்படையிலான வேலைக்கு இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களுக்கு மூன்று ஆண்டு எப்படிப் போனது என்றே தெரியாது. பயங்கரவாத, நக்சல் தாக்குதலில் இறந்த மாநிலக் காவலர்களின் பிள்ளைகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை 2019 முதல் உண்டு. அப்போது நிர்ணயித்த தொகை மாதம் மாணவருக்கு 2,500 ரூபாய், மாணவிக்கு 3,000 ரூபாய். நிலையத்தில் ஒருவர் இந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு தொடர வேண்டும்.

கடைசியாகக் கல். செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்திருக்கிறீர்களா? எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், பெயர் என்ன, எந்தச் சண்டையில் விழுந்தான் என்று நாலைந்து வரியில் எல்லாம் இருக்கும். தொறு என்று ஆநிரையைச் சொல்லி, அதை மீட்டுப் பட்டான் கல் என்று முடியும். ஆயிரம் ஆண்டு கழித்து அந்த வழியே போகிறவனுக்கும் நடந்தது புரிகிறது. ஆடு திருடர்களை விரட்டிப் போய் 2021-இல் உயிர்விட்ட அதிகாரியும் அதே வரிசையில் வருகிறவர்தான். ஆனால் இன்றைய நினைவுத் தூண்களில் பதவியும் பெயரும் மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறோம். தேதி, இடம், என்ன செய்தபோது என்ற மூன்றையும் சேர்த்தால் இரண்டு வரிதான் கூடும். திருப்பத்தூரில் 1980 ஆகஸ்ட் 6 அன்று நக்சலைட் வீசிய குண்டில் ஆய்வாளர் பழனிச்சாமியும் காவலர்களும் இறந்ததை அந்த ஊர் இன்னும் ஆகஸ்ட் 6 அன்று தனியாக நினைவுகூர்கிறது. இடமும் தேதியும் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் அது முடிகிறது.

பழைய கல்வெட்டில் பல இடங்களில் புள்ளி இருக்காது. படிப்பவர் ஊகித்துப் படிப்பார். இன்றைய கல்லில் புள்ளி விழாவிட்டால் கண்ணன் கணணன ஆகிவிடுவார். மணல் வீசிப் பொறிக்கும் முறையில் சிறு புள்ளியின் ஒட்டுத்தாள் பெயர்ந்து வந்துவிடும், அல்லது வண்ணம் பூசும்போது புள்ளி மூடிக்கொள்ளும். எழுத்து உயரம் ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் ண, ன சுழிகளின் இடைக்கல்லும் உதிரும். பொன்வண்ணம் நம் வெயிலில் சீக்கிரம் வெளிறும். ஆழமாக வெட்டி வெள்ளை பூசினால் வண்ணம் போனாலும் நிழலில் எழுத்து தெரியும். வெட்டுவதற்கு முன் அதே அளவில் தாளில் அச்செடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவியோ அம்மாவோ விரல் வைத்துப் படித்துக் கையெழுத்துப் போட்டபின் கல்தச்சரிடம் கொடுங்கள். கருங்கல்லில் அழித்து எழுத முடியாது.

இனி சேரக்கூடிய பெயர்களுக்காக எத்தனை வரி காலியாக விடட்டும் என்று கல்தச்சர் கேட்பார். கோடு போட்டுக் காலி வரிகளை விட வேண்டாம். பணியில் இருப்பவர்கள் தினமும் அதன் முன்னால் நின்றுதான் கவாத்து செய்கிறார்கள்; அடுத்த பெயர் யாருடையது என்று அந்தக் காலி வரி கேட்பதுபோல் இருக்கும். அதற்குப் பதிலாகப் பெயர்ப் பலகைகளைத் தூணில் தனித்தனியாகப் பொருத்தும்படி செய்து, அதே குவாரியில் அதே வெட்டில் இன்னும் இரண்டு பலகைகளைச் சேர்த்தே வாங்கி, மெருகேற்றிக் கிடங்கில் வைத்துவிடுங்கள். பின்னால் வேறு இடத்தில் வாங்கினால் கல்லின் நிறம் சேராது.